மாதிரியின் உள்ளே என்ன வைக்க வேண்டும்?

அறிவியல் கண்காட்சி, வானவில் மன்றச் செயல்பாடுகள், பள்ளி ஆண்டு விழா என்று ஆண்டில் சில மாதங்கள் நம் வகுப்பறைகளில் அட்டையும் தெர்மாகோலும் பசையுமாகவே இருக்கும். மாணவர்கள் கோயில் செய்வார்கள், கோட்டை செய்வார்கள், இதயம் செய்வார்கள், தொழிற்சாலை செய்வார்கள். வேலை பாதியை எட்டும்போது அநேகமாக எல்லாக் குழுக்களிலும் ஒரு கேள்வி வரும். மேலே மூடிவிட்டால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. தெரியாத பகுதியையும் செய்ய வேண்டுமா?

'செய்ய வேண்டாம், நேரமில்லை' என்று சொல்லிவிடலாம். 'எல்லாவற்றையும் செய்யுங்கள், அதுதான் முழுமை' என்றும் சொல்லலாம். இரண்டு பதிலும் மாணவர்களின் சிந்தனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். மாதிரி செய்வதில் கற்றல் நடக்கும் முக்கியமான இடமே இந்தக் கேள்விதான் என்பது என் கருத்து. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டுமானால், அந்தப் பொருளை மாணவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அரியலூர், பெரம்பலூர் பகுதியில் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளைக் கொண்டே இதைப் பார்ப்போம்.

ஒரே கோயில், இரண்டு கேள்விகள்

எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் விமானத்தைச் செய்ய முடிவெடுத்தார்கள். முதலாம் இராஜேந்திர சோழன் கட்டிய இக்கோயில் 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. விமானத்தின் உயரம் சுமார் 53 மீட்டர். அடிப்பகுதி ஏறக்குறைய 100 அடிச் சதுரம்.

குழுவில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிட்டது. "உள்ளே யாரு எட்டிப் பார்க்கப் போறாங்க டீச்சர்? வெளியே சிற்பத்தை நல்லா செய்வோம்" என்றது ஒரு கட்சி. "உள்ளே ஒண்ணுமே இல்லாம செஞ்சா அது கோயில் இல்ல, வெறும் டப்பா" என்றது இன்னொரு கட்சி. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. "உங்கள் மாதிரியைப் பார்ப்பவருக்கு எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும்? அதை ஒரே வரியில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் இரண்டு கேள்விகள் வந்தன. முதல் கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கும் நம் ஊர் விமானத்துக்கும் என்ன வேறுபாடு? இரண்டாவது கேள்வி: இவ்வளவு கல்லை அடுக்கியும் இது எப்படி நிற்கிறது?

முதல் கேள்விக்கான பதில் முழுவதும் வெளியில் இருக்கிறது. தஞ்சை விமானம் 13 நிலைகளுடன் நேர்க்கோட்டில் மேலே ஏறுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் 9 நிலைகள். பக்கக்கோடு உட்குழிந்து மென்மையாக வளைந்து செல்கிறது. இதைக் காட்ட வேண்டிய மாதிரிக்குள் என்ன இருந்தாலும் ஒன்றுதான். உள்ளே பழைய செய்தித்தாளை உருட்டி அடைத்தாலும் குற்றமில்லை. வளைவு சரியாக வந்திருக்கிறதா என்பதுதான் அங்கே முக்கியம்.

இரண்டாவது கேள்விக்கான பதிலோ முழுவதும் உள்ளே இருக்கிறது. கருவறையைச் சுற்றி ஒன்றல்ல, இரண்டு சுவர்கள் உள்ளன. உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே சுற்றிவரும் நடைவழி இருக்கிறது. மேலே செல்லச் செல்ல, இரு சுவர்களிலும் கற்கள் வரிசைக்கு வரிசை சிறிது முன்னே நீட்டி வைக்கப்பட்டு, இறுதியில் இரண்டும் ஒன்றாக இணைகின்றன. அப்படி இணைந்து அகன்ற அந்த அடித்தளமே மேலுள்ள விமானத்தின் பாரத்தைத் தாங்குகிறது. வெளியே நின்று எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்தாலும் இது தெரியாது. இந்தக் கேள்விக்கு மூடிய மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் பதில் சொல்லாது.

ஆகவே முதல் விதி இதுதான்: மாதிரி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறதோ அந்தப் பதில் இருக்கும் இடத்தைச் செய்ய வேண்டும். பதில் உள்ளே இருந்தால் உள்ளே செய்து, அதைப் பார்க்க வழியும் வைக்க வேண்டும். பதில் வெளியே இருந்தால் உட்புறத்தை விட்டுவிடலாம்.

அந்தக் குழு இரண்டாவது கேள்வியைத் தேர்ந்தெடுத்தது. விமானத்தை நடுவில் செங்குத்தாகப் பிளந்தது போல இரண்டு பாதிகளாகச் செய்து, பின்பக்கம் துணி ஒட்டிக் கதவு போலத் திறக்கும்படி அமைத்தார்கள். அதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள். நேரம் போதாததால் வெளிச்சுவரில் சிற்பங்கள் எதுவும் வைக்க முடியவில்லை. கோட்டோவியமாக மட்டும் வரைந்தார்கள். பார்க்க வந்தவர்களில் சிலர் 'சிற்பம் எங்கே?' என்று கேட்கத்தான் செய்தார்கள். 'எங்கள் கேள்வி அது இல்லை' என்று மாணவர்கள் சொன்ன பதிலையே அந்த மாதிரியின் சிறந்த பகுதியாக நான் கருதுகிறேன்.

புத்தகங்களை அடுக்கிப் பார்ப்போம்

கற்களை முன்னே நீட்டி அடுக்கும் முறையை அட்டையில் செய்வதற்கு முன் மாணவர்கள் கையால் உணர வேண்டும். இதற்குச் செலவே இல்லை. ஒரே அளவுள்ள பாடநூல்கள் போதும்.

மேசை விளிம்பில் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து தொடங்கி நகர்த்தச் சொல்லுங்கள். மேல் புத்தகம் தனக்குக் கீழுள்ளதைவிடத் தன் நீளத்தில் அதிகபட்சம் 1/2 பங்கு நீட்டலாம். அதற்கு அடுத்தது 1/4 பங்கு, அதற்கடுத்தது 1/6, பிறகு 1/8. இவற்றைக் கூட்டினால் 25/24. அதாவது, கணக்குப்படி நான்கு புத்தகங்களிலேயே மேல் புத்தகம் முழுவதுமாக மேசைக்கு வெளியே வந்துவிடுகிறது! செய்து பார்க்கும்போது எல்லை வரை நகர்த்தினால் சரிந்துவிடும் என்பதால் ஐந்தாறு புத்தகங்களை எடுத்துக்கொள்வது நல்லது. உயர்நிலை வகுப்புகளில் பின்னக் கூட்டல், ஈர்ப்பு மையம் ஆகிய இரண்டையும் இதே செயல்பாட்டில் தொட்டுவிடலாம்.

அடுத்து, எதிரெதிரே இரண்டு அடுக்குகளை வைத்து, இரண்டும் ஒன்றை ஒன்று தொடும் வரை உள்நோக்கி நீட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் பாரம் வைத்தால் இன்னும் அதிகம் நீட்ட முடியும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கோயிலிலும் மேலே அடுக்கிய கற்களின் எடை, நீட்டிய கல்லின் பின்பகுதியை அழுத்திப் பிடித்திருக்கிறது. இதைச் செய்து பார்த்த மாணவருக்கு உட்புறம் என்பது இனிமேல் அலங்காரம் அல்ல, காரணம்.

யாரும் பார்க்காத இடத்தில் 81 சிற்பங்கள்

'யாரும் பார்க்காத இடத்தில் எதற்கு வேலை?' என்ற கேள்வி நம் மாணவர்களுடையது மட்டுமல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியும் இதே போன்ற உள் நடைவழி இரண்டு தளங்களாக உள்ளது. அதன் மேல் தளத்துச் சுவரில் 108 நடனக் கரணங்களைச் செதுக்கத் திட்டமிட்டு 81 கரணங்களைச் செதுக்கி முடித்திருக்கிறார்கள். மீதி 27க்கான கற்கள் செதுக்கப்படாமல் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன. வழிபட வரும் மக்கள் பொதுவாகச் செல்லாத இடம் அது.

கீழ்த்தள நடைவழிச் சுவர்களில் சோழர் கால ஓவியங்கள் இருந்தன. அவற்றின் மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டதால் அடியில் இருந்தவை மறைந்துபோயின. 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அந்தச் சோழர் ஓவியங்களைக் கண்டறிந்து வெளியுலகுக்குத் தெரிவித்தார். பல நூற்றாண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒன்று, சோழர் கால ஓவியக் கலைக்கு இன்று நமக்குள்ள தலைசிறந்த சான்றாக இருக்கிறது.

இதை வைத்து 'ஆகவே நம் மாணவர்களும் எல்லாவற்றையும் செதுக்க வேண்டும்' என்று சொல்லிவிட முடியாது. கோயில் என்பது மாதிரி அல்ல. அது எதையும் விளக்குவதற்காகக் கட்டப்பட்டதல்ல. ஆனால் ஒரு கருத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம். செதுக்காமல் விட்ட அந்த 27 கற்களும் நம்மிடம் பேசுகின்றன. வேலை எங்கே நின்றது என்பதை அவை மறைக்கவில்லை. மாணவர் தன் மாதிரியில் ஒரு பகுதியைச் செய்யாமல் விட்டால், அது விடப்பட்டது என்று தெரியும்படியே விடட்டும். பூசி மறைக்க வேண்டியதில்லை.

உட்புறமே தேவைப்படாத மாதிரிகளும் உண்டு. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு நினைவிருக்கும். நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான தண்டைச் சீவிப் பெரிய கோயிலை அப்படியே செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். வீட்டு வரவேற்பறையில் அதைப் பார்ப்பவருக்கு வேண்டியது கோயிலின் தோற்றமும் நினைவும்தான். அங்கே உட்சுவர் தேடுவது பொருத்தமில்லை. நோக்கம் மாறினால் விடையும் மாறும்.

அம்மோனைட்டும் சிமெண்ட் சூளையும்

அரியலூர், பெரம்பலூர் பகுதி ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது என்பதை நம் மாணவர்கள் அறிவார்கள். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அவர்களை அழைத்துச் சென்றால், சுருள் சுருளான அம்மோனைட் படிவங்களை நேரிலேயே பார்க்கலாம். களிமண்ணில் அம்மோனைட் செய்யச் சொன்னால் எல்லோரும் கயிறு போல் திரித்துச் சுருட்டிவிடுவார்கள். நத்தையையும் அப்படித்தான் செய்வார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் மாதிரியில் பதில் இருக்காது.

வேறுபாடு உள்ளே இருக்கிறது. அம்மோனைட்டின் ஓடு தடுப்புச் சுவர்களால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டது. உயிரி வாழ்ந்தது கடைசி அறையில் மட்டுமே. முந்தைய அறைகளில் நிரம்பிய வாயுவே அது நீரில் மூழ்காமல் மிதக்க உதவியது. அறைகளை ஊடுருவி ஒரு மெல்லிய குழாய் சென்றது. எனவே சுருளைக் குறுக்கே வெட்டிய தோற்றமாகச் செய்தால்தான் 'இது எப்படி மிதந்தது?' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. சில படிவங்களின் மேற்பரப்பில் இலை நரம்பு போல நெளிந்த கோடுகள் தெரியும். மேல் ஓடு தேய்ந்துபோன இடத்தில், உள்ளே இருந்த தடுப்புச் சுவர்களின் விளிம்புகள்தான் அப்படிக் கோடுகளாகத் தெரிகின்றன. உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்ட மாணவர் மட்டுமே அந்தக் கோட்டை மாதிரியின் மேல் சரியான இடத்தில் வரைவார். மற்றவருக்கு அது வெறும் அலங்காரக் கோடு.

அதே கடலடிச் சுண்ணாம்புக்கல்தான் இன்று நம் பகுதிச் சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். கண்காட்சிகளில் சிமெண்ட் ஆலை மாதிரி தவறாமல் இடம்பெறும். புகைபோக்கி இருக்கும், லாரி இருக்கும், நடுவில் வெள்ளி வண்ணம் பூசிய நீண்ட குழாய் ஒன்று இருக்கும். அந்தக் குழாய்தான் சுழலும் சூளை. ஆலையின் இதயமே அதுதான். ஆனால் மூடிய குழாயாக அது எதையும் சொல்லாது. அதன் பக்கவாட்டில் ஒரு சன்னல் வெட்டினால் போதும். வெளியே எஃகு உருளை, உட்புறம் வெப்பம் தாங்கும் செங்கல் பூச்சு, ஒரு முனையில் தீச்சுடர், சற்றே சாய்வான தரையில் உருண்டு இறங்கும் கிளிங்கர் உருண்டைகள் எல்லாம் தெரியும். உள்ளே வெப்பம் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. அதை எஃகு மட்டும் தாங்காது என்பதால்தான் செங்கல் பூச்சு. லாரிக்குச் சக்கரம் ஒட்டும் நேரத்தை இந்தச் சன்னலுக்குக் கொடுக்கலாம்.

அளவுத்திட்டம் சொல்லும் எல்லை

உள்ளே எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதை அளவுத்திட்டமே ஓரளவு முடிவுசெய்துவிடும். ஆறாம் வகுப்பில் படிக்கும் விகிதமும் விகிதசமமும் இங்கே பயன்படும். 1:100 என்று எடுத்துக்கொண்டால் கங்கைகொண்ட சோழபுரம் விமானம் 53 சென்டிமீட்டர் உயரம் வரும். சுமார் 13 அடி உயரமுள்ள சிவலிங்கம் 4 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள மாணவி ஒன்றரை சென்டிமீட்டர்.

இப்போது நாம் பயன்படுத்தும் அட்டையை அளக்கச் சொல்லுங்கள். அதன் தடிமன் 2 மில்லிமீட்டர் என்றால், அது உண்மையில் 20 சென்டிமீட்டரைக் குறிக்கிறது. அதைவிடச் சிறிய எதையும் அந்த அட்டையில் வெட்டி ஒட்ட முடியாது. அவற்றை வரையலாம் அல்லது விட்டுவிடலாம். 'முடியாததால் விட்டோம்' என்பதைக் கணக்கோடு சொல்லத் தெரிந்தால் அதுவும் கற்றல்தான்.

தெரியாததைச் செய்யலாமா?

நம் பக்கம் எந்தக் கோட்டையைப் பற்றிப் பேசினாலும் ஒரு சுரங்கப்பாதைக் கதை கூடவே வரும். பெரம்பலூர் அருகே ரஞ்சன்குடிக் கோட்டையை மாதிரி செய்யும் மாணவர்களிடம், அடியில் ஒரு சுரங்கம் வைக்கலாம் என்ற ஆசை கட்டாயம் எழும். அந்தக் கோட்டையின் சுற்று மதில்களையும் அகழியையும் அவர்கள் நேரில் பார்க்க முடியும். சுரங்கத்தைப் பார்த்தவர் சொல்லிக் கேட்டவரைத்தான் பார்க்க முடியும்.

கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேடு இதற்கு நேர் எதிரான சிக்கலைத் தருகிறது. சோழர் அரண்மனை இருந்த அந்த இடத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் செங்கல் கட்டுமானங்களும் கூரை ஓடுகளும் சீனப் பானை ஓடுகளும் கிடைத்துள்ளன. அடிச்சுவர் தெரிகிறது, மேலே மாளிகை எப்படி இருந்தது என்பது தெரியாது. கோயிலில் வெளிப்புறம் தெரிந்து உட்புறம் மறைந்திருக்கிறது என்றால், இங்கே அடித்தளம் தெரிந்து வெளித்தோற்றம் மறைந்துபோயிருக்கிறது. அரண்மனை மாதிரி செய்யும் மாணவர் திரைப்படத்தில் பார்த்த மாடங்களை வைத்துவிட்டால் பார்ப்பவர் அதையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

இதற்கு நான் பின்பற்றும் எளிய வழி மூன்று வண்ணப் புள்ளிகள். நேரில் பார்த்து அளந்த பகுதிக்குப் பச்சை. நூலிலோ தொல்லியல் துறை வரைபடத்திலோ படித்த பகுதிக்கு நீலம். ஊகித்த பகுதிக்குச் சிவப்பு. மாதிரியில் சிறிய வட்டங்களாக இவற்றை ஒட்டிவிடலாம். கோயிலின் உள் நடைவழி போன்ற இடங்களுக்கு மாணவர்கள் செல்ல முடியாது. அங்கே நீலம்தான் வரும். வெளிச்சுவரை அவர்களே காலடியால் அளந்திருந்தால் பச்சை. சிவப்புப் புள்ளி இருப்பது குறையல்ல. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இருப்பதுதான் குறை. வரலாற்றில் சான்று என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கற்பிக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

தொடக்க வகுப்புகளில்

சிறு குழந்தைகளிடம் இந்த விதிகளை எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. தீப்பெட்டியில் வீடு செய்யும் மூன்றாம் வகுப்புக் குழந்தை உள்ளே ஆயாவின் கட்டிலையும் ஆட்டுக்குட்டியையும் வைத்துத்தான் மூடும். மூடிய பிறகு நமக்குத் தெரியாது, குழந்தைக்குத் தெரியும். அந்த வயதில் அது போதும். 'உள்ளே யார் யார் இருக்காங்க?' என்று கேட்டால், ஐந்து நிமிடம் தடையில்லாமல் பேசுவார்கள். மொழிப்பாடத்துக்கு வேறென்ன வேண்டும்?

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் மழைநீர் சேகரிப்புத் தொட்டி நல்ல தொடக்கம். மூடிய தொட்டியாகச் செய்யாமல், ஒளி ஊடுருவும் தண்ணீர் பாட்டிலில் கூழாங்கல், கரி, மணல் ஆகியவற்றை அடுக்கச் சொல்லுங்கள். கலங்கிய நீரை ஊற்றினால் என்ன நடக்கிறது என்பதை அடுக்குகளுக்கு ஊடே பார்க்கலாம். உள்ளே பார்ப்பதற்காகவே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அவர்களுக்கு இயல்பாகப் பதியும்.

மதிப்பிடும்போது

மாணவர்கள் எதைச் செய்கிறார்கள் என்பது நாம் எதற்கு மதிப்பெண் தருகிறோம் என்பதைப் பொறுத்தது. மின்விளக்குக்கும் பளபளப்புக்கும் முதல் பரிசு கிடைத்தால், அடுத்த ஆண்டு எல்லா மாதிரிகளிலும் விளக்கு எரியும். கடையில் செய்து வாங்கிய மாதிரிகளும் வரும். இரண்டு வாரம் உட்கார்ந்து உட்சுவரை அடுக்கிய மாணவி, 'இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டோம்' என்று நினைத்துவிட்டால் அவளை மீட்பது கடினம்.

நடுவராக நிற்கும்போது மாதிரியைத் தொடும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த மாதிரி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது? அந்தப் பதில் மாதிரியில் எங்கே இருக்கிறது? எதை வேண்டுமென்றே விட்டீர்கள், ஏன்? மூன்றாவது கேள்விக்கு வாங்கிய மாதிரியை வைத்திருப்பவரால் பதில் சொல்ல முடியாது. செய்தவரால் முடியும்.

மூடித்தான் ஆக வேண்டிய மாதிரிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. மூடுவதற்கு முன் மாணவர்களே உட்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்தோ, குறுக்குவெட்டுத் தோற்றமாக ஒரு தாளில் வரைந்தோ மாதிரியின் அருகில் வைக்கட்டும். கேட்பவருக்கு அதைக் காட்டி விளக்கட்டும். படம் வரையும்போதே பல குழுக்கள் தாங்கள் செய்த உட்புறத்தில் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துத் திருத்தியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டு உங்கள் வகுப்பில் மாதிரி செய்யத் தொடங்கும் நாளில் அட்டையை வெட்டும் முன் ஒரு பாடவேளையைக் கேள்விக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு குழுவும் தன் கேள்வியை ஒரே வரியில் கரும்பலகையில் எழுதட்டும். அதன் அருகில் 'உள்ளே' அல்லது 'வெளியே' என்று குறிக்கட்டும். எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத குழு இன்னும் பொருளைப் படிக்க வேண்டும் என்று பொருள். அந்தக் குழுவுக்குப் பசை டப்பாவைக் கொடுக்கும் முன் புத்தகத்தைக் கொடுங்கள்.